வேப்பம்புதூர் என்றோர் ஊர் இல்லை

மார்ச் 3, திங்கள்

ஊர்ப்பெயர்க் குழுவின் முதல் கூட்டம். தாலுகாவுக்குப் புதிய வரைபடம் அச்சிடப் போகிறார்கள். அதில் வரும் சிற்றூர்களின் பெயர்களை ஒருமுறை சரிபார்த்து முடிவுசெய்ய ஐந்து பேர். தாசில்தார் கலாவதி தலைவர். நில அளவையர் ஒருவர். ஊராட்சித் தலைவர்கள் சார்பில் செங்கோட்டுவேல். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் அறவாழி. பொதுமக்கள் பிரதிநிதியாக நான். முப்பத்து நான்கு வருடம் இந்த மாவட்டத்தில் செய்தியாளனாக இருந்தவன் என்பதால் என்னைப் போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. மறுக்கத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்ளவும் பெரிய ஆசை இல்லை.

பட்டியலில் அறுபத்து மூன்று பெயர்கள். பன்னிரண்டாவது பெயரிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. செங்கோட்டுவேல் தன் அப்பா பெயரைக் கவுண்டர் பட்டத்தோடு ஒரு புது நகருக்கு வைக்க வேண்டும் என்றார். தாசில்தார், "சாதிப் பேரு கூடாதுங்க" என்றார்.

"அப்பப் பட்டத்த எடுத்துப்போட்டுப் பேர மட்டும் வெய்ங்க. எங்கய்யன் கோவிச்சுக்க மாட்டாரு."

பேராசிரியர் அந்த இடத்துக்குக் கல்வெட்டில் வேறு பெயர் இருக்கிறது என்றார். எந்தக் கல்வெட்டு என்று அளவையர் கேட்டார். பார்த்துச் சொல்வதாகப் பேராசிரியர் சொன்னார். கடைசியில் நான்தான் கேட்டேன், உண்மையில் பெயர் வைக்கும் அதிகாரம் யாருக்கு என்று.

தாசில்தார் அரசு உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். "பேரு வெக்கிறது யாருன்னு இதுல எங்கயும் இல்லைங்க சார். கையெழுத்துப் போடறது யாருன்னு மட்டும்தான் இருக்குது."

நாற்பத்தொன்றாவது பெயர் வேப்பம்புதூர். முப்பத்தெட்டு வீடுகள். எங்கள் ஊரின் உண்மையான பெயர் ஆவாரவலசு, அதையே வரைபடத்தில் போட வேண்டும் என்று பத்தொன்பது பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று இருந்தது. முதல் கையெழுத்து பாவாயி.

நேரில் விசாரிக்க என்னை அனுப்பலாம் என்றார் பேராசிரியர். "விசாரிக்கறது உங்க தொழில்தானே." ஸ்கூட்டர் பழுதாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். ஸ்கூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது.

மனைவி சரோஜினிக்குக் கண் அறுவை முடிந்து நான்கு நாள். பச்சை மூடி மருந்து ஆறு வேளை, வெள்ளை மூடி நான்கு வேளை. கூட்டத்தால் மதியச் சொட்டு ஒரு மணி நேரம் தாமதம். "உங்க குழு என் கண்ண முடிவு பண்ணாம இருந்தாச் சரி" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருவதாகச் சொன்னான்.

மார்ச் 5, புதன்

வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மோட்டார் சரியாயிற்று. இன்று எழுத நேரம் இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வேப்பம்புதூர் என்ற பெயரை வைத்தவன் நான்.

1997 அக்டோபர். ஒரு சிற்றூரைப் பற்றி முழுப்பக்கச் செய்தி எழுதினேன். ஊர்ப் பெயர் வெளியே தெரிந்தால் அவர்களுக்குக் கெடுதல் வரும் என்பதால் பெயரை மாற்ற முடிவுசெய்தேன். செய்தி அனுப்பும் பேக்ஸ் கடை வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. வேப்பம்புதூர் என்று எழுதினேன். எழுதும் முன்பு தபால் அலுவலகத்தில் கேட்டு, மாவட்டத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன். செய்தியின் கடைசி வரி, "ஊரின் பெயர் மாற்றப்பட்டுள்ளது." பக்கத்தின் அடியில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கூடுதலாக வந்துவிட்டது. ஆசிரியர் குழுவில் கடைசி வரியை வெட்டினார்கள். கடைசி வரியை வெட்டுவது அங்கே வழக்கம். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

வெட்டியது தெரிந்ததும் ஒரு விளக்கம் போடச் சொல்லியிருக்கலாம். அந்த வாரம் தீபாவளி மலர் வேலை இருந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

அளவையரோடு அலுவலக ஜீப்பில் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர். நிறுத்தத்தில் பெயர்ப்பலகை வேப்பம்புதூர். துணை சுகாதார நிலையத்தில் வேப்பம்புதூர். ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி எல்லாவற்றிலும் அதுவே.

டீக்கடையில் விசாரணை. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று அளவையர் கேட்டார். ஒருவர் பஸ்காரர்கள் வைத்தது என்றார். இன்னொருவர் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றார். டிரெய்லர் லாரி ஓட்டும் தினேஷ் என்ற இருபத்தாறு வயதுக்காரர் இருவரையும் அடக்கினார்.

"இங்க ஒரு பெரிய வேப்பமரம் இருந்துச்சுங்க. நாலு பேரு கை கோத்தாலும் கட்ட முடியாது. எங்கய்யன் பாத்திருக்காரு."

"எந்த இடத்துலங்க?"

தினேஷ் எழுந்து வந்து இடத்தைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே. அளவையர் குறித்துக்கொண்டார். நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெயர் மாறக் கூடாது என்பதில் தினேஷ் உறுதி. "லைசென்சு, ஆர்.சி. புக்கு, ஆதாரு, பேங்கு, அத்தனையும் வேப்பம்புதூருங்க. நான் பொறந்ததே அந்தப் பேருல. கெழவிங்க நாலு பேருக்குப் புடிக்கலைன்னா ஊர் பேர மாத்தறதா?"

"கெழவின்னு யாரச் சொல்ற?" என்றபடி தையல் கடையிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல நிமிர்ந்த நடை. பாவாயி. "இந்த ஊருக்குப் பேரு ஆவாரவலசு. எங்க மாமியா, அவங்க மாமியா எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. ரெக்கார்டுல பெரிய ஊரோட சேத்து எழுதிட்டதால எங்கயும் பதியல. அவ்வளவுதானுங்க."

அளவையர் என்னைப் பத்திரிகைக்காரர் என்று அறிமுகப்படுத்தினார். பாவாயி என்னைப் பார்த்தார். "அப்பிடீங்களா. சாருக்கு எந்த ஊருங்க?" என்றார். நான் ஊரைச் சொன்னேன். முதல் முறை கேட்பவரைப் போலத் தலையாட்டினார்.

அளவையர் ஜீப்புக்குப் போனதும் என் பக்கத்தில் வந்து, துணியை மடித்துக்கொண்டே பேசினார்.

"ஊர் பேரு போடமாட்டேன்னு அன்னைக்குச் சொன்னீங்க. வாக்குத் தவறலைங்க நீங்க. எங்களுக்குப் புதுசா ஒரு ஊரே கட்டிக் குடுத்துட்டீங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"எம்மக கோகிலாவுக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. மூணு எடம் வந்துட்டுப் போச்சு. பக்கத்து ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான், அதப் பத்தி இல்ல. தூரத்துக்காரங்க வந்து பாத்துட்டு, புடிச்சுதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. வூட்டுக்குப் போயி போன்ல ஊர் பேரப் போட்டுப் பாக்கறாங்க. மொதல்ல நீங்க எழுதுனதுதான் வருது. அதுக்குக் கீழயே மேப்பு வருது."

மார்ச் 11, செவ்வாய்

போனில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருக்கிறது. பழைய பக்கங்களையெல்லாம் பத்திரிகை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. "மரணம் நிற்கும் வேப்பம்புதூர்." தலைப்பு நான் வைத்ததல்ல.

செய்தி எய்ட்ஸ் பற்றியது. லாரித் தொழிலுக்குப் பெயர்போன எங்கள் பக்கத்தில் ஒரே ஊரில் இரண்டு வருடத்தில் பதினொரு பேர், டிரைவர்களும் கிளீனர்களும், இறந்திருந்தார்கள். என்ன நோய் என்று வெளியே சொல்ல ஆள் இல்லை. பாவாயியின் கணவர் டேங்கர் லாரி ஓட்டியவர். 1996-இல் இறந்தார். பாவாயிக்கும் நோய் தொற்றியிருந்தது. மகளுக்கு இல்லை. அவர் மட்டும்தான் என்னிடம் பேச முன்வந்தார். செய்தியில் அவர் பெயரை மாற்றினேன். மற்றதெல்லாம் சரியாக எழுதினேன்: இருபத்தேழு வயது, மூன்று வயது மகள், டேங்கர் லாரி, வாசலில் தையல் மெஷின்.

அந்த ஊரில் தையல் மெஷின் ஒன்றே ஒன்று. ஊர் எது என்று தெரியாதவரை அதனால் கெடுதல் இல்லை.

பாவாயி மாத்திரையில் நன்றாக இருக்கிறார். அதற்கும் அந்தச் செய்தி ஒரு காரணம் என்று அந்தக் காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

பச்சை மூடி நான்கு வேளையாகக் குறைந்தது.

மார்ச் 14, வெள்ளி

பத்திரிகையின் தலைமை அலுவலகத்துக்கு மூன்றாவது முறை அழைத்தேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய பக்கத்த எடுக்கறதுக்கு ரூல் இல்லைங்க சார். செய்தி தப்புன்னா திருத்தம் போடலாம். செய்தி தப்பா சார்?"

செய்தியில் தப்பு இல்லை என்றேன். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் எத்தனை 'N' வரும் என்று கேட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

ஊரில் பூ கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் இரு தரப்பும் பிடிவாதமாக இருந்தால் கோயிலில் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது. சாமிக்கு முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆவாரவலசு, சிவப்பு வந்தால் வேப்பம்புதூர் என்று கருப்பணார் கோயிலில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி வைத்தார்கள். குழு சார்பில் நானும் அளவையரும் போயிருந்தோம். தாசில்தாரிடம் வெள்ளியன்றே சொல்லியிருந்தேன். "சாமி மினிட்ஸ்ல கையெழுத்துப் போடுமா சார்?" என்று சிரித்துவிட்டு, போய்ப் பார்த்து வரச் சொன்னார்.

பூவை எடுப்பவர் ஊருக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். பூசாரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

"பெரியவரே எடுக்கட்டும். அவருக்கும் இந்த ஊருக்கும் ஒண்ணுமில்ல. பொதுவானவரு."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். பாவாயி பெண்கள் பக்கம் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முழங்கால் வலி, குனிய முடியாது என்றேன்.

நாங்கள் வந்த ஜீப்பின் டிரைவரைப் பிடித்தார்கள். "எனக்கெதுக்குங்க வம்பு? எடுத்ததுக்கப்பறம் தோத்தவங்க என்னைய மொத்த வந்தா?" என்றார். தண்ணீர் ஊற்றிக் கை கழுவச் செய்து உள்ளே தள்ளினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

வெள்ளை.

பெண்கள் குலவையிட்டார்கள். தினேஷ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாமி சொன்னதுக்கப்பறம் நான் பேசறதுக்கு என்ன இருக்குது. ஆர்.சி. புக்க மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் சாமியே வருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

திரும்பும் வழியில் அளவையர், "முழங்கால் எத்தன நாளா சார்?" என்று கேட்டார். ரொம்ப நாளாக என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டரிடம் சரோஜினியை அழைத்துப்போனேன். கண் நன்றாக ஆறியிருக்கிறது. அவள் பஸ் பலகைகளைத் தூரத்திலிருந்தே படித்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 2001-இல் பேருந்து நிலையத்தில் முதல் முறை வேப்பம்புதூர் என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அது கிளம்பும்வரை பார்த்தேன். அப்போது எனக்குள் வந்தது பயம் என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சரோஜினியிடம் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

மார்ச் 22, சனி

கிராம சபையில் ஆவாரவலசு தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

குழுக் கூட்டம். தீர்மானம் வந்துவிட்டதால் ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன்.

தாசில்தார் விளக்கினார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பெயர் மாற்றம். சென்னைக்குப் போகும், அரசாணை வர வேண்டும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். அதைவிட முக்கியம், மாற்றம் என்றால் பழைய பெயரை அடைப்புக்குள் போட்டாக வேண்டும். வரைபடத்தில், சான்றிதழ்களில், எல்லாவற்றிலும்: ஆவாரவலசு, அடைப்புக்குள் வேப்பம்புதூர்.

"அடைப்புக்குறி எத்தன காலத்துக்கும்மா?" என்றேன்.

"அத எடுக்கச் சொல்லி நான் ஒரு ஆர்டரும் பாத்ததில்லைங்க சார்."

இரண்டாவது வழி பிழைத் திருத்தம். இருக்கிற பெயர் ஆரம்பத்திலேயே தவறாகப் பதிவானது என்று நிரூபித்தால், தாசில்தார் அளவிலேயே முடியும். தவறான பெயர் பதிவேட்டிலிருந்தே போய்விடும். அடைப்புக்குறி கிடையாது. ஆனால் தவறு எப்படி, யாரால் நடந்தது என்பதற்கு எழுத்துமூலம் ஆதாரம் வேண்டும்.

"அத்தன வருசத்துக்கு முந்தி யாரு தப்புப் பண்ணுனான்னு இப்ப எங்க போயித் தேடறது?" என்றார் செங்கோட்டுவேல். "அடைப்புக்குள்ள போட்டுட்டுப் போங்கம்மா. பாவம், ஒரு பேரு சும்மா இருந்துட்டுப் போகுது."

ஒரு வாரம் நேரம் கேட்டேன். கொடுத்தார்கள்.

தாலுகா அலுவலகத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன். எந்த ஆதாரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால், அந்தச் செய்தியும் இந்த ஊரும் ஒன்றுதான் என்று அரசுக் கோப்பிலேயே ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். எழுதாவிட்டால் அடைப்புக்குறி.

மார்ச் 27, வியாழன்

இந்த முறை பஸ்ஸில், தனியாகப் போனேன். பாவாயி மெஷினில் இருந்தார். கோகிலா ஈரோட்டில் மருந்துக்கடையில் வேலைக்குப் போயிருந்தாள். அளவு கொடுக்க வந்திருந்த பெண் போகும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சட்டை தைக்க வந்த ஆள் என்று நினைத்திருப்பாள்.

இரண்டு வழியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு ஓரத்தை அடித்து முடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க வெச்ச பேரு எப்பிடிங்க ஆஸ்பத்திரி போர்டுக்கு வந்துச்சு? பேப்பர்ல பேருதான இருந்துச்சு. எடம் இல்லியே."

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கும் எழுதவில்லை. செய்தி வந்த மறுவாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். அந்த ஊர் எங்கே இருக்கிறது, பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். வழியைச் சொன்னேன். நெடுஞ்சாலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தப் பாலம், எந்தப் பக்கம் திரும்புவது என்று. உண்மையான பெயரைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் வாக்கைக் காப்பாற்றியதாகும் என்று எண்ணினேன். அவர்கள் பேப்பரில் இருந்த பெயரோடு நான் சொன்ன இடத்துக்கு வந்தார்கள்.

பாவாயியிடம் இதை அப்படியே சொன்னேன்.

அவர் ஊசியிலிருந்து நூலை இழுத்து அறுத்தார். "மருந்து வந்துச்சு. அத இல்லைங்கல. அது வரலீன்னா நான் இன்னைக்கு இங்க உக்காந்துட்டிருக்க மாட்டேன்." அறுந்த நூலைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "அதனாலதான் உங்களத் திட்டவும் முடிய மாட்டீங்குது" என்றார்.

"நான் எழுதிக் கொடுக்கணும். எதை எழுதறதுன்னு நீங்க சொல்லுங்க."

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. அந்தச் சீக்கோட பேரு எதுலயும் வரக்கூடாது. அந்தப் பேப்பரும் எதுலயும் வரக்கூடாது. எழுத்துல பொழச்சவரு நீங்க, எப்பிடி எழுதறதுன்னு என்னையக் கேக்கறீங்களே."

டீ கொடுத்தார். 1997-இல் நான் அந்த வீட்டில் டீ குடித்ததைச் செய்தியில் ஒரு வரியாக எழுதியிருந்தேன், தைரியமான செயல் போல. இன்று அது நினைவுக்கு வந்தபோது கூச்சமாக இருந்தது.

மார்ச் 29, சனி

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். சரோஜினி நான்காவது தாளைப் பார்த்துவிட்டு, "முப்பத்து நாலு வருசத்துல ஒரு திருத்தம் கூட போட்டதில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே" என்றாள். ஆமாம் என்றேன்.

பொய் சொல்வதற்கும் தகவல் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. துணை சுகாதார நிலையத்தின் திறப்புவிழாக் கல்லில் 1998 ஆகஸ்ட் என்று இருக்கிறது. அதற்கு முன்பு நடந்ததாக இருக்க வேண்டும். 1998 கோடையில் அந்தப் பக்கம் குடிநீர்ப் பஞ்சம். நான் அதைப் பற்றி நிறைய எழுதினேன். அந்த ஊரைப் பற்றி எழுதவில்லை.

கடைசியில் எழுதியது இது:

"1998 கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றிய செய்தி ஒன்றில், ஆவாரவலசு என்ற சிற்றூரின் பெயரை உரியவர்களிடம் விசாரிக்காமல் வேப்பம்புதூர் எனத் தவறாகக் குறிப்பிட்டேன். இது என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. இதைப் பின்பற்றியே பிற அலுவலகங்களில் அப்பெயர் பதிவானது. அந்தப் பெயரில் இப்பகுதியில் ஊர் எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை."

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

ஏப்ரல் 2, புதன்

கூட்டம். தாசில்தார் என் கடிதத்தை உரக்கப் படித்தார். செங்கோட்டுவேல் முதலில் சிரித்தார். "அட, திருடன நடுவுல உக்கார வெச்சுட்டா ஊரெல்லாம் தேடுனோம்?" அவர் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை.

பேராசிரியர் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓர் ஊருக்குப் போயி அந்த ஊர்ப் பேர் என்னன்னு கேக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுங்க? முப்பத்தெட்டுக் குடும்பம் இருபத்தேழு வருஷமா உங்க சோம்பேறித்தனத்தச் சொமந்திருக்குது. பேருங்கறது என்ன விளையாட்டா?"

"இல்லைங்கய்யா."

"உங்க செய்திய எல்லாம் நான் வெட்டி வெச்சிருக்கேன். இனி எதை நம்பறது?"

அவர் வெட்டி வைத்திருப்பதில் அந்த அக்டோபர் பக்கமும் இருக்குமோ என்று பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது. அவர் படித்தது அனைத்தையும் மறந்துபோகட்டும் என்று முதன்முறையாக ஒரு வாசகரைப் பற்றி நினைத்தேன்.

தாசில்தார் கேட்டார். "இந்தக் குடிதண்ணிச் செய்தி எந்தத் தேதியில வந்துச்சுங்க சார்? கட்டிங் வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்கம்மா. கரையான் தின்னுடுச்சு."

மேசைமேல் அவர் போன் கவிழ்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் தேடிப் பார்த்துப் பழகிய வயதுக்காரர். ஊர்ப் பெயரை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்க மாட்டாரா? என்னை ஐந்தாறு விநாடி பார்த்தார்.

"தேதி அவசியமில்லைங்க" என்று சொல்லி, கடிதத்தில் முத்திரை வைத்து, மினிட்ஸில் எழுதினார்: உரியவரே பிழையை ஒப்புக்கொண்டதால் பிழைத் திருத்தமாகக் கொள்ளலாம்.

நால்வரும் கையெழுத்திட்டார்கள். நானும் உறுப்பினர் என்பதால் என் பிழைக்கு நானும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அளவையர். போட்டேன்.

நாற்பத்திரண்டாவது பெயருக்குப் போனோம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாவட்டச் செய்தியாளர் சங்கத்திலிருந்து செயலாளர் அழைத்தார். மே மாத ஆண்டுவிழாவில் எனக்குப் பாராட்டு என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார்கள். "பேராசிரியர்தான் சிறப்பு விருந்தினரு. அவரு என்னமோ சொல்றாருங்கண்ணா... இந்த வருசம் வேற ஒருத்தருக்கு வெச்சுக்கலாமான்னு..." பரவாயில்லை என்றேன்.

சொட்டு மருந்து இரண்டும் முடிந்தது. காலிப் புட்டிகளை எறிந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

திருத்த உத்தரவு வந்துவிட்டது. தாசில்தாரிடம் பேசி, ஆவணங்களை மாற்ற ஊரிலேயே ஒரு நாள் முகாம் போட ஏற்பாடு செய்தேன். தினேஷ்தான் வரிசையில் முதல் ஆளாம்.

ஏப்ரல் 24, வியாழன்

உத்தரவு நகலை வைத்து, போன் வரைபடத்தில் திருத்தம் கேட்டு கோகிலா எழுதியிருக்கிறாள். நான்கு நாளில் மாற்றிவிட்டார்கள். அங்கே யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரியவில்லை. யாரோ.

இரண்டு பெயரையும் போட்டுத் தேடிப் பார்த்தேன். வேப்பம்புதூர் என்று போட்டால் என் செய்தி வருகிறது. அதன் கீழே இடம் எதுவும் வரவில்லை. ஆவாரவலசு என்று போட்டால் ஒரு புள்ளி, ஒரு சாலை, கருப்பணார் கோயில். வேறு ஒன்றும் இல்லை.

மாலை நான்கு மணிக்குப் பாவாயி போன் செய்தார். அவர் என்னை அழைத்தது இதுவே முதல் முறை.

"வர்ற ஞாயித்துக்கெழம கோகிலாவப் பாக்க வர்றாங்க. பவானிப் பக்கம். பையன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு."

"ரொம்ப சந்தோஷம்ங்க."

"அவகிட்ட நான் சொல்லிப்போட்டேன். புடிச்சுதுன்னா பையன்கிட்ட என்னோட சீக்கப் பத்தி அவளே சொல்லிக்கட்டும். அவ வாயால, அவளுக்குத் தோணுற நேரத்துல. போன்ல பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

"அதுதாங்க சரி."

பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். நின்றது.

"ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அன்னைக்கு நீங்க இந்தப் பக்கம் வந்துராதீங்க. அன்னைக்குன்னு இல்ல. பொறவும். பேப்பர்க்காரரு எதுக்கு இந்த வூட்டுக்கு வந்து போறாருன்னு ஒருத்தன் கேட்டான்னா, நான் என்னத்தச் சொல்லுவேன்?"

வர மாட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றும் சொன்னேன்.

வேலை எதுவும் இல்லை.